உயிர்முடிவும் சட்டமும்: துணைபெற்ற தற்கொலை பற்றிய கத்தோலிக்க வாதமும் மலையகத் தோட்டங்களும்

தீராத நோயுற்ற ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள விரும்புமிடத்து, மருத்துவர் அதற்குத் துணைசெய்தல் முறையாகுமா, அத்துணையைச் சட்டம் அனுமதிக்கலாமா என்னும் வினா உலகின் பல பாராளுமன்றங்களில் எழுந்துள்ளது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் இதற்குச் சட்டம் நடைமுறையில் உள்ளது. நெதர்லாந்தில் 2002இலும் கனடாவில் 2016இலும் இத்தகைய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் 2024 நவம்பரில் 330க்கு 275 என்ற வாக்குகளாலும் 2025 ஜூனில் 314க்கு 291 என்ற வாக்குகளாலும் இவ்வகைச் சட்டமூலம் ஒன்று நிறைவேறியது. இவ்விடங்களிலெல்லாம் கத்தோலிக்கத் திருச்சபை இச்சட்டங்களை எதிர்த்து வாதாடியுள்ளது.

இலங்கையில் இத்தகைய சட்டம் இல்லை. அவ்வாறாயின் நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை நோக்கி இவ்வினாவை ஏன் எழுப்பவேண்டுமெனக் கேட்கலாம். ஒரு சட்டக் கொள்கையின் தன்மையை அறிய விரும்புவோர், அது பிறந்த செல்வ நாடுகளில் மட்டுமன்றி, மருத்துவ வசதி குறைந்த மக்களிடத்தும் அதனை வைத்துப் பார்த்தல் வேண்டும். திருச்சபையின் வாதத்தின் அமைப்பை விளக்கி, அதன் வலிமையையும் அதற்குள்ள கடப்பாட்டையும் மலையக வாழ்வின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களும் பொருளும்

இப்பொருள் பற்றிய விவாதங்களில் மயக்கம் விளைவது பெரும்பாலும் சொற்களாலேயாகும். நோயாளியின் உயிரை மருத்துவர் தம் செயலால் முடிப்பது கருணைக்கொலை எனப்படும். உயிரை முடிக்கும் மருந்தை மருத்துவர் அளிக்க, நோயாளி தாமே அதனை உட்கொள்வது துணைபெற்ற தற்கொலை எனப்படும். பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்தி, நோயின் போக்கிலேயே மரணம் நேர விடுவது மூன்றாவது நிலையாகும். முன்னைய இரண்டையும் விலக்கும் கத்தோலிக்கப் போதனை மூன்றாவதை விலக்குவதில்லை. இதனை உணராதார், எவ்வாறேனும் உயிரை நீட்டித்தல் வேண்டுமென்பதே திருச்சபையின் கொள்கை என்று பிழைபட எண்ணுவர்.

தமிழ் மரபில் வடக்கிருத்தல் உண்டே எனச் சிலர் கூறுவர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும் அவனைக் காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையார் அவனோடு சேர்ந்து உயிர்துறந்ததையும் புறநானூற்று வாயிலாக அறிகின்றோம். ஆயின் வடக்கிருத்தல் மானமும் நட்பும் பற்றி மேற்கொள்ளப்பட்ட நோன்பு. நோயின் துன்பத்திற்கு மருந்தாகக் கொள்ளப்பட்டதன்று. அதற்கு மருத்துவர் துணையும் அரசின் அனுமதியும் வேண்டப்படவில்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில், சிறப்பாக விருதுநகர்ப் பகுதியில், தலைக்கூத்தல் என்னும் வழக்கம் உண்டெனும் செய்தி 2010இல் பரவலாக வெளிவந்தது. நலிந்த முதியோரை எண்ணெய் முழுக்காட்டி இறப்புக்கு உள்ளாக்கும் இவ்வழக்கத்தில், முதியவரின் இசைவு எங்கே முடிகின்றது, குடும்பத்தின் இயலாமை எங்கே தொடங்குகின்றது என வரையறுத்தல் அரிது. வறுமையிற் பிறக்கும் ‘இசைவு’ எத்தகையது என்பதற்கு இது நம் மொழிவழங்கும் நிலத்திலேயே உள்ள எச்சரிக்கையாகும்.

இலங்கைச் சட்டத்தின் நிலை

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அதன் 299ஆம் பிரிவு, தற்கொலைக்கு உடந்தையாயிருப்பவருக்கு மரணதண்டனை விதிக்கின்றது. 302ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரையே குற்றவாளியாகக் கொண்டு ஓராண்டு வரையான வெறுஞ்சிறையோ குற்றப்பணமோ இரண்டுமோ விதித்தது. இப்பிரிவு 1998ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. எனவே இன்று தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் குற்றவாளியல்லர். அதற்குத் துணைசெய்தவர் குற்றவாளியாவர். இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டின் தற்கொலைச் சட்டமும் இவ்வேறுபாட்டையே நிலைநாட்டியது.

இம்மாற்றத்திற்கு இணையானதொரு மாற்றம் திருச்சபைச் சட்டத்திலும் முன்னரே நிகழ்ந்திருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தற்கொலை செய்துகொண்டோரைத் திருச்சபை அடக்கம் மறுக்கப்படுவோர் வரிசையில் வைத்தது. 1983இல் வெளிவந்த புதிய தொகுப்பில் அவர்கள் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் எனப் பின்னர் வந்த மறைக்கல்வி நூலும் கூறுகின்றது. துன்புற்றவரிடம் இரக்கம், உயிர்போக்கும் செயலுக்கு இசைவின்மை என்னும் இரண்டும் ஒன்றோடொன்று முரணாதவை என்பதே இவ்விரு மாற்றங்களாலும் பெறப்படும் கருத்தாகும்.

ஈண்டு ஒரு முரண்பாடும் சுட்டப்படவேண்டும். உயிரின் புனிதத்தை முன்னிட்டு 299ஆம் பிரிவை ஆதரிப்போர், அப்பிரிவு விதிக்கும் தண்டனை மற்றோர் உயிரைப் பறிப்பதாய் இருத்தலை எவ்வாறு ஏற்பர்? இலங்கையில் 1976க்குப் பின் மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2018இல் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் திருத்தப்பட்டு, மரணதண்டனை ஏற்கத்தகாதது என அறிவிக்கப்பட்டது. ஆகவே கத்தோலிக்க நிலைப்பாடு தன்னோடு தான் ஒத்திருக்கவேண்டுமாயின், துணைசெய்தல் குற்றமாக நீடிக்கவேண்டும் என்பதோடு, அதற்குரிய தண்டனை மாறவேண்டும் என்பதையும் கூறுதல் வேண்டும்.

கத்தோலிக்க வாதத்தின் அமைப்பு

திருச்சபையின் போதனை படிப்படியாக வளர்ந்து வந்ததாகும். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மருத்துவர்க்கு ஆற்றிய உரைகளில் இரண்டு கருத்துக்களை வலியுறுத்தினார். அளவிறந்த சுமையை விளைக்கும் அசாதாரணச் சிகிச்சையை மேற்கொள்ள நோயாளி கடமைப்பட்டவரல்லர் என்பது ஒன்று. வலியைத் தணிப்பதே நோக்கமாயின், தேவையான மருந்து ஆயுளைச் சிறிது குறைக்கக்கூடுமாயினும் அதனை வழங்கலாம் என்பது மற்றொன்று. 1980 மே மாதத்தில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய பிரகடனம் இவற்றைத் தொகுத்துரைத்தது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடல், துணைபெற்ற தற்கொலையையும் அதனை அனுமதிக்கும் சட்டங்களையும் வெளிப்படையாக மறுத்தது. 2020இல் வெளிவந்த ‘நல்ல சமாரியன்’ என்னும் மடல், குணப்படுத்த இயலாதவிடத்தும் பராமரித்தல் இயலும் என்பதை மையக் கருத்தாகக் கொண்டது.

இப்போதனையைப் பொதுச்சட்ட விவாதத்திற் கொண்டுவரும்போது திருச்சபையினர் பெரும்பாலும் மறைநூல் மேற்கோளை முதன்மைப்படுத்துவதில்லை. பிற சமயத்தவரும் சமயம் சாராதவரும் எடைபோடக்கூடிய மூன்று நியாயங்களை முன்வைப்பர். முதலாவது, நோக்கம் பற்றியது. வலியைக் கொல்ல முனைவதும் வலியுற்றவரைக் கொல்ல முனைவதும் வெவ்வேறு செயல்கள். இரண்டாவது, நலிந்தோரின் பாதுகாப்புப் பற்றியது. இறக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றபின், வாழ்ந்துகொண்டிருப்பதற்குக் காரணம் கூறவேண்டிய நிலை நோயாளிக்கு ஏற்படும். மூன்றாவது, எல்லை பற்றியது. இன்று வகுக்கப்படும் எல்லை நாளை விரியும். கனடாவில் இயற்கை மரணம் அண்மித்தோர்க்கென 2016இல் இயற்றப்பட்ட சட்டம், 2021இல் அவ்வாறு மரணம் அண்மிக்காதோர்க்கும் விரிவாக்கப்பட்டதை இதற்குச் சான்றாகக் காட்டுவர்.

மாற்றுக் கருத்து

மாறுபடுவோரின் வாதமும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. தன் உடலையும் வாழ்வின் இறுதியையும் பற்றித் தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கே உரியது. ஒரு சமயத்தின் அறக்கோட்பாட்டை எல்லோர்க்கும் சட்டமாக்குதல் தகாது. சிறந்த பராமரிப்புக்கும் அடங்காத துன்பம் சிலருக்கு உண்டு என்பன அவர்களின் வாதங்கள். மலையகத் தோட்ட மக்களுள் பெரும்பான்மையோர் இந்துக்களாதலின், சமயப் பன்மை பற்றிய வினா இங்குச் சிறப்பாகப் பொருந்தும். ஒரிகன், நெதர்லாந்து முதலிய இடங்களில் மருத்துவர் இருவரின் மதிப்பீடு, தன்விருப்பம் பற்றிய ஆய்வு முதலிய பாதுகாப்புக்கள் உள்ளன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

இந்திய உயர்நீதிமன்றம் எனத்தக்க உச்ச நீதிமன்றம் மேற்கொண்ட வழி இடைப்பட்டதாகும். 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலும், பின்னர் 2018 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பிலும், மாண்புடன் இறக்கும் உரிமையை ஏற்று, உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு நெறிமுறைகளை அது வகுத்தது. நெறிமுறைகள் 2023இல் எளிதாக்கப்பட்டன. எனினும் உயிரை முடிக்கும் மருந்தை அளித்தல் அங்கு அனுமதிக்கப்படவில்லை. சிகிச்சையை நிறுத்துதல், உயிரைப் போக்குதல் என்னும் வேறுபாட்டில் இத்தீர்ப்பும் கத்தோலிக்கப் போதனையும் அண்மித்து நிற்றல் கவனிக்கத்தக்கது. ஆயின் உணவும் நீரும் செலுத்துதல் சிகிச்சையா அடிப்படைப் பராமரிப்பா என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

மலையகத்தில் உயிர்காக்கும் குரல்

நுவரெலியா மாவட்டம் கண்டி மறைமாவட்டத்துள் அடங்குவது. மலையகத்தில் கத்தோலிக்கர் ‘உயிர்’ என்னும் சொல்லை முன்வைத்துக் குரலெழுப்பிய வரலாற்றை நோக்கின், அது கருணைக்கொலை பற்றியதாய் அமையவில்லை. பசியும் குடியுரிமையும் பற்றியதாகவே அமைந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்திருந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பற்றாக்குறை தோட்டங்களைத் தாக்கியபோது, பட்டினியாலும் அதன்வழி வந்த நோய்களாலும் பலர் மடிந்தனர். 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடக்கிய இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் முதலானோர், 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாவதிற் பங்குகொண்டு, தொழிலாளரின் கூலி, குடியுரிமை, வாழ்நிலை ஆகியவை பற்றி எழுதியும் பேசியும் வந்தனர். நாடற்றோர் நிலை சட்டத்தளவில் பெரும்பாலும் தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கற் சட்டத்தாலேயாகும்.

உயிரைக் காக்கும் சட்டமாற்றத்திற்கு இலங்கை உலகுக்கே எடுத்துக்காட்டாய் விளங்கும் வேறொரு துறையும் உண்டு. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை எட்டியிருந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. நச்சுத்தன்மை மிக்க வேளாண் மருந்துகளின் இறக்குமதி 1980கள் முதல் படிப்படியாகத் தடுக்கப்பட, வீதம் பாதிக்கும் குறைவாக வீழ்ந்தது. இதனால் அறியவருவது யாது? சாகவேண்டும் என்னும் எண்ணம் பலரிடம் நிலைத்த முடிவாக இல்லாமல், ஒரு நெருக்கடிப் பொழுதின் வேகமாகவே இருந்தது. வழி எளிதிற் கிட்டாதபோது அப்பொழுது கடந்தது, அவர்கள் வாழ்ந்தனர். தீராநோயாளரின் நிலை இதனோடு முற்றும் ஒத்ததன்றாயினும், மரணவிருப்பத்தை மாறாத தீர்மானமாகக் கொள்ளுமுன் சட்டம் தயங்கவேண்டும் என்பதற்கு இவ்வனுபவம் வலுவான காரணமாகும்.

லயத்துக் காம்பராவில் ஒரு நோயாளி

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். முப்பதாண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண்ணொருவர் புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் இருக்கின்றார் எனக் கொள்வோம். அவருக்கு மாதாந்த ஓய்வூதியம் இல்லை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியும் 1983ஆம் ஆண்டின் சட்டப்படியான பணிக்கொடையும் ஒருமுறையே கைக்கு வந்தன. மகளின் திருமணத்திலும் பழைய கடனிலும் அவை கரைந்தன. மகனின் குடும்பத்தோடு அவர் இருப்பது 10 அடிக்கு 12 அடியான லயக் காம்பரா. மகனும் மருமகளும் பெரட்டுக்குச் சென்றாலன்றி அன்றைய கூலி இல்லை. அவருடன் ஒருவர் தங்கினால் ஒரு நாட்கூலி இழக்கப்படும்.

தோட்ட மருந்தகத்தில் இருப்பவர் பெரும்பாலும் மருத்துவப் பட்டம் பெறாத உதவி மருத்துவரே. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி கட்டங்கட்டமாகவே நடந்துவந்துள்ளது. இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்றவை அட்டன் பகுதிக்குப் பெருந்துணையாயின. எனினும் சிறப்புப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மகரகமைக்கோ போகவேண்டியுள்ளது. மலைப்பாதையில் அவ்வழிப் பயணமே நோயாளிக்கு ஒரு தண்டனையாகும்.

இந்நிலையில் அவ்வம்மையார், “பிள்ளைகளுக்குப் பாரமாகக் கிடக்கிறேன், போய்ச் சேர்ந்தால் நல்லது” என்கின்றார். நம் முதியோர் வாயில் நாள்தோறும் கேட்கும் சொல்லே இது. வீட்டார் இதனை மரண விண்ணப்பமாகக் கொள்வதில்லை. இன்னும் என்னை வேண்டுகின்றீர்களா என்னும் வினா அதில் உள்ளதை அறிந்து, பேரப்பிள்ளையை அருகே அமர்த்துவர்; கஞ்சியை ஆற்றிக் கொடுப்பர். துணைபெற்ற தற்கொலை சட்டமாகிய நாட்டிலோ இதே சொல் ஒரு படிவத்தின் முதல் வரியாகக்கூடும். ஒரிகன் மாநிலத்தின் ஆண்டறிக்கைகளில், மருந்து வேண்டுவோர் கூறும் காரணங்களுள் உடல்வலியைவிடத் தன்னாட்சியை இழத்தலும் வாழ்வின் இன்பங்களை இழத்தலும் கூடுதலாக இடம்பெறுவதையும், பிறருக்குப் பாரமாதல் கணிசமாகக் கூறப்படுவதையும் காண்கின்றோம். பாரம் என்னும் உணர்வு செல்வ நாட்டிலேயே இத்துணை வலியதாயின், ஒரு நாட்கூலியால் ஒரு வேளை உணவு அளக்கப்படும் காம்பராவில் அது எத்துணை வலியதாகும்!

மொழி பற்றிய சிக்கலும் உண்டு. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் தமிழ் மட்டுமே அறிந்த நோயாளியும் சிங்களம் மட்டுமே அறிந்த மருத்துவரும் சந்திக்கும் விடுதிகள் மலையகத்திற் புதியனவல்ல. வலி எவ்விடத்தில் என்பதையே பிறர் பெயர்த்துக் கூறவேண்டிய நிலையில், ‘சுயவிருப்பத்துடன் இசைந்தார்’ என எழுதப்படும் வாசகம் எத்துணை உறுதியுடையது?

வாதத்தின் மறுபக்கம்

இதுவரை கூறியவை கத்தோலிக்க வாதத்தின் வலிமையைக் காட்டுவன. ஆயின் இவ்வெடுத்துக்காட்டே அவ்வாதத்தின் கடப்பாட்டையும் காட்டுகின்றது. அவ்வம்மையாருக்கு ‘வேண்டாம்’ என்று கூறுதல் எளிது. கூறிய பின் இரவெல்லாம் அவர் படும் வேதனைக்கு விடையளிப்பவர் யார்? தடை ஒன்றே போதுமெனக் கருதுவோர், அவரைச் சாவிலிருந்து காத்து வலியிடம் ஒப்படைத்தவராவர். 1980ஆம் ஆண்டுப் பிரகடனமும் 2020ஆம் ஆண்டு மடலும் பராமரிப்பைத் தடையோடு பிணைத்தே பேசுதலின், ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளுதல் அப்போதனைக்கே மாறானது.

நோவு தணிப்புப் பராமரிப்பு இன்று தனித்துறையாய் வளர்ந்துள்ளது. 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் விடுதியை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், உடல்வலி, மனவலி, சமூக வலி, ஆன்மிக வலி ஆகிய யாவும் சேர்ந்ததே நோயாளியின் முழுவலி என விளக்கினார். வறிய மக்களிடையே இதனைச் செயற்படுத்த இயலும் என்பதைக் கேரளம் காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் நோவு தணிப்புச் சங்கத்திலிருந்து, அயலவரே பயிற்சி பெற்று வீடுதேடிச் செல்லும் முறை வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையை வெளியிட்டது. இம்முறைக்கு வேண்டுவன மாளிகைகளல்ல; வாய்வழி மோர்பின் மருந்து, அதனை அளவறிந்து வழங்கும் மருத்துவர், வாரம் ஒருமுறை வரும் தாதி, பயிற்சி பெற்ற அயலவர் ஆகியோரே.

தோட்டங்களில் இதற்குரிய அடித்தளம் இல்லாமலில்லை. லயத்தில் ஒரு சாவு நேர்ந்தால் அயலவர் திரண்டு, காசு சேர்த்து, காரியங்களை முடித்துக்கொடுப்பது மலையகத்தின் பழைய வழக்கு. இறந்தவர்க்குச் செய்யும் இவ்வொத்துழைப்பின் ஒரு பகுதி, இறந்துகொண்டிருப்பவரின் இறுதி மாதங்களுக்கு முன்னதாகவே வருமாயின், கேரளத்தின் அயலவர் முறை அட்டனுக்கும் அந்நியமாகாது. கோவில் சபை, பங்குச் சபை, தொழிற்சங்கம், மாதர் சங்கம் ஆகியவை சமய வேறுபாடின்றி இதில் இணையலாம். மோர்பின் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதாதலின், அது தோட்டத்து நோயாளியைச் சென்றடைவதற்கான வழி அரசின் பொறுப்பிலேயே அமையவேண்டும்.

முடிவுரை

துணைபெற்ற தற்கொலை பற்றிய கத்தோலிக்க வாதம் மூன்று உறுதிப்பாடுகளைக் கொண்டதெனக் கண்டோம். உயிரைப் போக்குதல் மருத்துவமாகாது, பயனற்ற சிகிச்சையை வலிந்து தொடரவேண்டியதில்லை, வலிதணித்தல் கடமை. இவற்றுள் முதலாவதே பாராளுமன்றங்களிற் பெரிதும் ஒலிக்கின்றது. மலையகத்தை நோக்கும்போது மூன்றாவதே முதலிடம் பெறவேண்டியது எனத் தோன்றுகின்றது.

தன்னுரிமை வாதத்தை நாம் முற்றும் மறுக்கவில்லை. தேர்வுகள் பல உள்ள ஒருவர் அவற்றுள் ஒன்றைத் தேர்வது உரிமையாகலாம். வலிக்கு மருந்தும், அருகிருக்க ஆளும், படுக்க இடமும் இல்லாத ஒருவருக்கு இறப்பை மட்டும் வழங்குதல் தேர்வாகாது. ஆதலின் இலங்கையில் என்றேனும் இவ்வினா சட்டமன்ற வினாவாக எழுமாயின், அதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் முதலில் ஒரு லயக் காம்பராவின் வாயிலில் நின்று, உள்ளே படுத்திருப்பவருக்கு இன்றிரவு நாம் அளிக்கக்கூடியது யாது எனக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கண்டவர்களுக்கே மற்ற வினாவைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு என்பது எமது துணிபு.